அரக்கு ஓடிய மாதம்

அண்ணா,

இன்று காலை கார்பால் ஃபக்ஸின் புது பாட்டில் வந்தது. மூடியைத் திருகியதும் ஃபினாயில் போல ஒரு நெடி மூக்கில் ஏறியது. விளிம்பில் இருந்த ஒரு சொட்டு வழிந்து என் கட்டைவிரல் நகத்துக்குள் இறங்கிவிட்டது. ராணி ரோஸுக்கும் அரக்குக்கும் நடுவில் ஒரு நிறம். சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. குழாயை மூடிவிட்டுக் கையைப் பார்த்தபோது அது உன் கையாக இருந்தது.

சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் போடும் சாயம் இது. உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்வதுபோல் உனக்கும் சொல்லிவிட்டேன். காலையில் தடவிய எட்டு ஸ்லைடுகள் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருக்கின்றன. வெளியே யாரும் இல்லை. அவை காயும்வரை, உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ஆரணியில் சாயப்பட்டறைக்குப் போக ஆரம்பித்தபோது உனக்குப் பதினாறு. தேவிகாபுரத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா திடீரென்று இறந்துபோக, அம்மா நம் இருவரையும் கூட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்தாள். பட்டு நூலைச் சோப்பிலும் சோடாவிலும் வேகவைத்துப் பசை எடுத்து, அண்டாவில் சாயம் ஏற்றுகிற வேலை உனக்கு. சாயப்பொடியைப் பிரித்துக் கொட்டும்போது அது புகைபோல் எழும்பும். மூக்கிலும் தொண்டையிலும் போய் உட்காரும். சாயங்காலம் வேலை முடிந்ததும் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் எல்லோரும் வரிசையாக நின்று வாய் கொப்பளித்துத் துப்புவீர்கள். அன்றைக்கு எந்த நிறத்துக்கு ஆர்டரோ அந்த நிறத்தில் துப்பல் விழும். யாருடையது கெட்டி என்று போட்டி வேறு. பொடி பிரிக்கிறவன் நீ என்பதால் பெரும்பாலும் நீதான் ஜெயிப்பாய். உன்னோடு வேலை செய்த தசரதன் அண்ணனுக்கு அதில் ரொம்ப வருத்தம் என்று சொல்லிச் சிரிப்பாய்.

மிச்சம் இருப்பது வீட்டில் துவைக்கிற கல்லுக்கு வரும். அம்மா அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"இன்னா நைனா, இன்னிக்கு மாம்பழம் ஓடுச்சா?"

"மாம்பழம் காலைல. மத்தியானத்துக்கு மேல ராமர் பச்சை. நல்லா பாரும்மா, ரெண்டும் கலந்துகினு வருது."

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பட்டறையில் எந்த நிறம் ஓடுகிறது என்று புடவைக் கடைக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். யாருக்கும் அதில் அருவருப்பு இல்லை, பயமும் இல்லை. எச்சிலுக்கு நிறம் இருப்பது நமக்கு இயல்பு.

நான் காலேஜுக்குப் போனேன். நம் இரண்டு வழி உறவிலும் பட்டம் வாங்கியது நான்தான் முதல். ஆனால் பட்டம் வாங்கியதும் என் வாய் திறந்துகொள்ளும் என்று நீயும் அம்மாவும் நினைத்தீர்கள், அது நடக்கவில்லை. ஒரு தனியார் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பினேன். நாற்பது பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். மறுபடி கரும்பலகைப் பக்கம் திரும்பித் தலைப்புக்கு அடியில் கோடு போட்டேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. வாசலில் சைக்கிளோடு காத்திருந்த நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போனாய்.

பேசவேண்டாத வேலையாக ஒன்று வேண்டும் என்றுதான் வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தேன். அது முடிந்து, பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலை கிடைத்தது. சளி பார்க்கிற வேலை. தினமும் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் இருமித் துப்பிய டப்பாக்களை மூடி திறந்து, குச்சியால் கிளறி, ஸ்லைடில் தடவ வேண்டும். முதல் இரண்டு மாதம் என்னால் மதியம் சாப்பிட முடியவில்லை. அம்மா அக்கம்பக்கத்தில் "ஆஸ்பத்திரில ஆபீஸ் வேலை" என்று சொல்லி வைத்தாள். நானும் திருத்தவில்லை.

நீ மட்டும் விடமாட்டாய்.

"இன்னா பாப்பா, இன்னிக்கு உன் கப்புல எத்தினி பேரு துப்பினாங்க?"

"போண்ணா."

"நான் ஒம்பதாவதோட நின்னுட்டேன். என் எச்சி மட்டும்தான் எனக்கு. நீ பட்டம் வாங்குன. ஊரு எச்சியே உனக்குத்தான்."

அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு வருவாள். நான் அழுவேனா சிரிப்பேனா என்று பார்த்துக்கொண்டே நீ தட்டில் சோற்றைப் பிசைவாய்.

மாதம் ஒருமுறை மாவட்டத்திலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்து நான் பார்த்த ஸ்லைடுகளில் சிலவற்றை எடுத்து மறுபடி பார்ப்பார். நாலாவது மாதம் அவர் இரண்டு ஸ்லைடுகளைத் தனியாக எடுத்து வைத்தார். நான் கிருமி இருக்கிறது என்று எழுதியவை.

"இது கிருமி இல்லம்மா. சாயத் துகள். ஒண்ணுமில்லாத ரெண்டு பேருக்கு ஆறு மாசம் மாத்திரை குடுக்கப் பாத்தீங்க. பாத்து வேலை செய்யுங்க, இல்லன்னா விட்டுடுங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அன்று பஸ்ஸிலேயே ராஜினாமாக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவளிடம் நீ என்ன நடந்தது என்று கேட்டாய். சொன்னேன். வழக்கம்போல் கிண்டல் செய்வாய் என்று பார்த்தால், நீ கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாய்.

"மொதல்லேர்ந்து சொல்லு. இன்னா பண்ணுவ?"

"தடவி, காயவெச்சு, செவப்பு ஊத்தி, அடியில சூடு காட்டுவேன்."

"கொதிக்க உடுவியா?"

"கொதிக்கக் கூடாது. ஆவி வந்தா போதும். அஞ்சு நிமிஷம் அப்படியே உடணும்."

"சரி. அப்புறம்?"

"ஆசிட் ஊத்துவேன். எல்லாம் வெளுத்துடும். அந்தக் கிருமி மட்டும் வெளுக்காது. செவப்ப புடிச்சிகினு நிக்கும். அதுக்குமேல நீலம் ஊத்தினா பின்னால எல்லாம் நீலமாய்டும், அது மட்டும் செவப்புக் குச்சியா தெரியும்."

நீ சாயமேறிய உன் நகத்தைத் தேய்த்துப் பார்த்தாய். பிறகு, "ஆசிட்டுக்கே போவலயா?" என்றாய். ஏதோ நல்ல சரக்கைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தது உன் குரல். "சரி, அந்தச் சாயத்த வடிச்சியா?"

"வடிக்கிறதா?"

"அடிப்பாவி. நாங்க பொடிய கரைச்சு நேரா நூல்ல ஊத்திட மாட்டோம். வடிக்காம ஊத்துனா புள்ளி விழும். முகூர்த்தப் பொடவைல ஒரு புள்ளி விழட்டும், மொதலாளி என் தோல உரிச்சுடுவாரு." எழுந்துபோனவன் கதவருகில் நின்று திரும்பினாய். "இன்னாத்துக்கு அழுவுற? நீயும் சாயப்பட்டறைலதான வேலை செய்யற."

வடிகட்ட வேண்டும் என்று என் புத்தகத்திலும் இருந்தது. படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். ஆனால் பாட்டிலில் வந்தது தயாராக வந்தது என்று நினைத்து நேராக ஊற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஸ்டோர் அலமாரியில் பிரிக்காமல் கிடந்த வடிதாள் கட்டை எடுத்தேன். சாயம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தாளில் கருஞ்சிவப்பாக ஒரு வண்டல் தங்கியது. அந்த வண்டலைத்தான் இத்தனை நாளும் நோய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது நீலம் அத்தனை சுத்தமாக இருந்தது. ஒரு துகள் இல்லை. அந்த நீலத்தில், கொஞ்சம் வளைந்து, இரண்டு சிவப்புக் குச்சிகள். சந்தேகமே இல்லாமல் அவை அங்கே இருந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடம் படித்ததெல்லாம் யாரோ சொன்னது. இது நான் பார்த்தது.

ராஜினாமாக் கடிதம் சாயத்தட்டுக்கு அடியில் விரிக்கப் பயன்பட்டது. அதன்பிறகு வழக்கமான பஸ்ஸுக்கு முன்னால் போகிற பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். ஸ்லைடில் தடவியதை அச்சடித்த தாள்மேல் வைத்தால் எழுத்துத் தெரிய வேண்டும், அந்த அளவு மெல்லிசாகத் தடவ வேண்டும். அதற்காகவே நாள்கணக்கில் பழகினேன். மதியம் பசித்தது. சாயங்காலம் வீட்டில் நாம் இருவரும் இரண்டு சாயக்காரர்களாகப் பேசிக்கொண்டோம்.

"இன்னிக்கு எத்தினி நின்னுது?" என்று கேட்பாய்.

"மூணு!" என்பேன். "ஒண்ணு சூப்பரா வந்துது அண்ணா, படம் மாதிரி."

ஒருநாள் அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "மூணு பேருக்கு நோவுன்னு சொல்றதுக்கு இன்னாடி சிரிப்பு உனக்கு?"

நீயும் நானும் தலையைக் குனிந்து சாப்பிட்டோம்.

அந்த வைகாசியில் முகூர்த்தங்கள் அதிகம். பட்டறையில் ஒரு மாதம் அரக்கைத் தவிர வேறு நிறம் ஓடவில்லை. நீ இருமினாய். சோடா ஆவி என்றாய். சட்டை தொளதொளத்தது. வெயில் காலம், சோறு இறங்கவில்லை என்றாள் அம்மா. துவைக்கிற கல்லில் சாயங்காலம் சிவப்பு விழுந்தது. அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, "அரக்கு ஓடுது" என்றாள். காலையிலும் விழுந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தவனுக்குக் காலையில் எப்படி அரக்கு வரும் என்று யாரும் கேட்கவில்லை. நான் அதே கல்லருகில் நின்று பல் தேய்த்தேன். நானும் ஒரு சொம்பு ஊற்றினேன். ஊற்றிவிட்டு, முன்னால் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்ட கண்ணுக்கு, கையெட்டும் தூரத்தில் இருந்தது தெரியவில்லை.

ஆனி பிறந்து இரண்டாவது வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீ துவைக்கிற கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாய். தண்ணீர் கொடுக்க வந்தேன். கல்லைப் பிடித்திருந்த உன் நகங்களைப் பார்த்தேன். பச்சை. ராமர் பச்சை, நகக்கண்வரை ஏறியிருந்தது. கல்லில் விழுந்திருந்தது சிவப்பு.

"அண்ணா, பட்டறைல இப்ப என்ன கலர் ஓடுது?"

"பச்சைதான். ஒரு வாரமா பச்சைதான் ஓடிகினு கீது. ஏன்..."

நீ பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாய். நிறத்தில் உன்னை ஏமாற்ற முடியாது. விரலால் தொட்டு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாய், சாம்பிள் பார்க்கிற மாதிரி.

"இது நம்ம கலர் இல்ல பாப்பா" என்றாய்.

மறுநாள் காலை நான் டப்பாவை நீட்டினேன். "எச்சி வேணாம். நெஞ்சிலேர்ந்து வரணும்." நீ அதை வாங்கிப் பார்த்து, "கடைசில என்னையும் உன் கப்புல துப்ப வெச்சுட்ட" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலில் முடிந்தது.

இனி நான் சொல்ல வந்தது.

அன்று எனக்கு எட்டு ஸ்லைடு. உன்னுடையது எது என்று தெரிந்தால் ஒழுங்காகப் பார்க்கமாட்டேன் என்று பயந்து, சாயம் போட்ட பிறகு எட்டையும் கலந்துவிட்டேன். எண் தெரியாமல் ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஆசிட் ஊற்றும்போது போகட்டும், எல்லாம் போகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஊற்றியிருந்தேன். சாயம் நிற்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கவலைப்பட்டவனுக்காக நான் வேண்டிக்கொண்டது அதுதான்.

நாலு ஸ்லைடில் ஒன்றும் இல்லை. ஐந்தாவதை வைத்து எண்ணெய்ச் சொட்டு விட்டுக் குவியத் திருகைத் திருப்பினேன். நீலம் கண்ணாடிபோல் இருந்தது. அதில் பார்த்த இடமெல்லாம் சிவப்பு, கொத்துக் கொத்தாக, ஒன்றின்மேல் ஒன்று, ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி. நான் அதுவரை போட்டதிலேயே அவ்வளவு நல்ல ஸ்லைடு வந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது அண்ணா. ஒரே ஒரு நொடி. 'எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது, சாயங்காலம் அண்ணனிடம் சொல்ல வேண்டும்' என்று நினைத்தேன்.

பிறகுதான் எண்ணைப் பார்த்தேன்.

ரிஜிஸ்டரில் கிருமி இருப்பவர்களைச் சிவப்பு மையால் எழுத வேண்டும். உன் பெயரை அப்படி எழுதினேன். சாயங்காலம் நீ "நின்னுதா?" என்று மட்டும் கேட்டாய். தலையை ஆட்டினேன். "நல்லா வந்துச்சா?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. நீ அதை என் துக்கம் என்று எடுத்துக்கொண்டாய். பதில் என் வாயில் இருந்தது. அது வெளியே வந்துவிடக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் உன்னைவிட்டு என்னைப் பார்த்து, "இவ்ளோ நாள் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். எங்கே இருந்தேன்? அந்தக் கட்டடத்திலேயே, இரண்டு அறை தள்ளி இருந்தேன். எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. நீ ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டாய். அது சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். "பாப்பா, இப்ப பின்னால முன்னால எல்லா பக்கமும் கலர் ஓடுது, தசரதன்கிட்ட சொல்லு, இனிமே என்னைய ஜெயிக்கவே முடியாது" என்றாய். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து மறுபடி உன் சளியைப் பார்த்தேன். குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. நுரையீரல் ஏற்கனவே கிழிந்துபோயிருந்தது. மருந்து கிருமியைத்தான் கொல்லும், கிழிந்ததைத் தைக்காது.

வேலைக்குப் போகாதே என்று எல்லோரும் சொன்னோம். "சொம்மா குந்திகினு இருந்தா பேஜாரா கீது. பொடி பிரிக்க மாட்டேன், நூல் காயப்போட்டுட்டு ஜல்தியா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஐப்பசியில் ஒரு மதியம், நூல் காயப்போடும்போது நீ இருமிக்கொண்டே சரிந்தாய். தசரதன் அண்ணன் பிறகு சொன்னார். பின்னால் நின்றிருந்தவர்கள், யாரோ அரக்கு வாளியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று நினைத்து, "டேய், பாத்து" என்று கத்தினார்களாம். அன்று பட்டறையில் மயில்கழுத்து நீலம் ஓடியது.

உனக்குக் காரியம் முடிகிறவரை நான் வெளியே போகவில்லை. இனிமேல் அந்த மைக்ராஸ்கோப்பைத் தொடமாட்டேன் என்று நினைத்திருந்தேன். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, என்னை அறியாமல் ஒரு நினைப்பு வந்தது. இத்தனை நாளில் பாட்டிலில் வண்டல் தங்கியிருக்கும். எனக்குப் பதிலாக வந்திருப்பவர் வடிகட்டுவாரா? உன் சாவு வீட்டில், எனக்கே எனக்கென்று வந்த முதல் நினைப்பு அதுதான் அண்ணா. என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. இந்த வேலை என்னை விடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

திரும்பிப் போனேன். அந்த வாரக் கடைசியில், வேலை முடிகிற நேரம் பார்த்து, உன் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குப் போனேன். பதினோரு ஆண்கள். எல்லோரும் துப்புவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். திரும்பிக்கொள்ள அங்கே கரும்பலகை இல்லை.

"இன்னிக்கு என்ன கலர் ஓடுச்சு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்டது.

"நீலம்தாம்மா" என்றார் தசரதன் அண்ணன்.

"நீலத்தத் தவிர வேற எது வந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லுங்க. காலைல எழுந்ததும் முதல் சளி இதுல வேணும். எல்லாரும். வெக்கப்படாதீங்க."

பையிலிருந்த டப்பாக்களைக் கொடுத்தேன். யாரோ, "தங்கச்சி நம்மளையும் விடல டோய்" என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. பதினொன்றில் இரண்டு நின்றது. ஒன்று தசரதன் அண்ணனுடையது. நேரத்தோடு கண்டதால் பிழைத்துக்கொண்டார். இப்போது பொடி பிரிக்கிறது அவர்தான். மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், பாதி நாள் கட்டிக்கொள்கிறார். அவரைத் தெருவில் பார்த்தால் அம்மா வீட்டுக்குள் போய்விடுவாள். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

உன்னைக் காப்பாற்றாத வேலைதான் இது. அதை நான் இவ்வளவு விரும்புவதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது, நீ "நல்லா வந்துச்சா?" என்று கேட்டது திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. நீயும் சாயக்காரன்தானே. ஒருவேளை நீ அந்தப் பதிலைத்தான் கேட்டாயோ என்னவோ.

நல்லா வந்துச்சு அண்ணா. அதுபோல் ஒன்று அப்புறம் வரவேயில்லை.

ஸ்லைடுகள் காய்ந்துவிட்டன. இனி சூடு காட்ட வேண்டும். முன்பு எண்ணை மட்டும்தான் பார்ப்பேன். இப்போது ரிஜிஸ்டரைத் திறந்து எட்டுப் பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் வடிதாளைப் புனலில் மடித்து வைக்கிறேன். நீலத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியும்போது அந்த ஒரு நொடிச் சந்தோஷம் இன்னும் வருகிறது. அதை என்னால் தடுக்க முடியாது. யாருடையது என்று தெரிந்த பிறகு வரட்டும்.